ஹார்னஸ் லைன் பேலன்சிங்: எக்செலா, வாங்கும் மென்பொருளா, சொந்த சால்வரா?

வயர் ஹார்னஸ் என்பது வாகனம் போன்றவற்றின் மின்வயர்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. அதில் வயர் வெட்டுவதும் க்ரிம்ப் அடிப்பதும் (வயர் முனையில் டெர்மினல் என்ற உலோகத் துண்டை அழுத்திப் பொருத்துவது) இயந்திரத்தின் வேலையாகிப் பல காலம் ஆகிவிட்டது. போர்டில் (ஹார்னஸைப் பரப்பிக் கட்டும் பலகை) வயர் போடுவது, கனெக்டரில் டெர்மினல் செருகுவது, டேப் சுற்றுவது, கிளிப் மாட்டுவது ஆகியவை இன்றும் பெரும்பாலும் கைவேலைதான். ஆகவே வயர் ஹார்னஸ் ஆலையில் லைன் பேலன்சிங் என்றால் எந்த ஆபரேட்டர் கையில் எத்தனை நொடி வேலை இருக்கிறது என்ற கணக்குதான். ஒருவர் 20 நொடி பிந்தினால் கன்வேயரில் இருக்கும் அத்தனை பேரும் அந்த 20 நொடி காத்திருப்பார்கள்.

இந்தக் கணக்கைக் கணினியிடம் ஒப்படைக்க மூன்று வழிகள் உண்டு. எக்செலிலேயே சூத்திரமும் மேக்ரோவும் எழுதலாம். லைன் பேலன்சிங் மென்பொருள் ஒன்றை வாங்கலாம். திறந்த மூல சால்வரை (விதிகளுக்குள் சிறந்த விடையைத் தேடும் நிரல்) வைத்துச் சொந்தமாக எழுதலாம். எதை எடுப்பது என்பதை சால்வரின் வேகத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: வேலைகளின் முன்பின் விதிகள் எங்கிருந்து வரப்போகின்றன, சப்-அசெம்பிளியையும் (போர்டுக்கு வருமுன் தனியே செய்துவைக்கும் சிறு பகுதி, சுருக்கமாக சப்) சேர்த்துக் கணக்கிட முடியுமா.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். ஷிஃப்டில் 450 நிமிடம் வேலை நேரம், அதாவது 27,000 நொடி. தேவை 180 ஹார்னஸ். டாக்ட் டைம், அதாவது ஒரு ஹார்னஸுக்குக் கிடைக்கும் நேரம், 150 நொடி. ஒரு ஹார்னஸில் மொத்த வேலை 4,200 நொடி என்றால் குறைந்தபட்ச ஸ்டேஷன் (ஓர் ஆபரேட்டரின் வேலையிடம்) 28. எந்த ஸ்டேஷனையும் டாக்ட்டின் விளிம்புவரை நிரப்பக் கூடாது. 95 சதவீதம், அதாவது 142.5 நொடி வரை என்று வைத்தால் 4,200 ÷ 142.5 = 29.5, ஆகவே 30 ஸ்டேஷன். லைன் திறன் 4,200 ÷ (30 × 150) = 93.3 சதவீதம். அதே வேலையைக் கையால் பிரித்து 33 ஸ்டேஷனில் போய் நின்றால் 85 சதவீதம்தான். தானியங்காக்குவதில் கிடைக்கும் லாபம் இந்த மூன்று ஸ்டேஷன்களுக்குள்தான் இருக்கிறது. மறு-பேலன்சிங்குக்கு ஆகும் நாட்கள் குறைவது தனி லாபம். டிசைன் மாற்றம் அடிக்கடி வரும் ஆலைகளில் இந்த இரண்டாவதுதான் பெரியது.

ஹார்னஸில் மட்டும் வரும் கட்டுப்பாடுகள்

பாடப்புத்தகத்து லைன் பேலன்சிங் சிக்கலில் வேலைகள், நேரங்கள், முன்பின் அம்புகள் மட்டும்தான் இருக்கும். 1955-இல் சால்வசன் அதைக் கணித வடிவில் எழுதியதிலிருந்து இன்றுவரை அடிப்படை அப்படியே இருக்கிறது. ஹார்னஸ் போர்டுக்கு அது போதாது.

குரோமெட்டை (வயர் கட்டு நுழைந்துபோகும் ரப்பர் வளையம்) எடுத்துக்கொள்ளுங்கள். வயர் கட்டு குரோமெட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அந்தப் பக்கத்துக் கனெக்டரில் டெர்மினல் செருக வேண்டும். இந்த ஓர் அம்பு விட்டுப்போனால் சால்வர் நொடிக்கணக்கில் அழகாக ஒரு திட்டம் தரும். லைனில் கனெக்டர் முதலில் நிரம்பிவிடும், பிறகு அது குரோமெட்டின் வாய்க்குள் நுழையாது. டெர்மினல்களைப் பிடுங்கித்தான் சரிசெய்ய வேண்டும். பிடுங்கும்போது டெர்மினலின் பூட்டு நாக்கு வளைந்தால் அது மறுபடி உறுதியாகப் பிடிக்காது. கன்வால்யூட்டட் டியூப் (வயரைக் காக்கும் நெளிவுக் குழாய்) பிளவில்லாததாக இருந்தால் அதற்கும் இதே விதிதான். பிளவுள்ள டியூப் என்றால் விதி தளர்கிறது, பிறகும் மாட்டலாம். ஆக, பாகத்தின் வகையைப் பார்த்து விதி மாற வேண்டும்.

கனெக்டரின் செகண்டரி லாக் (டெர்மினல்களை இறுக்கிப் பிடிக்கும் இரண்டாவது பூட்டு) அந்தக் கனெக்டரின் கடைசி வயர் செருகியபிறகே அமுக்கப்பட வேண்டும். கடைசி வயர் எது என்பது வேரியன்ட்டுக்கு வேரியன்ட் (ஒரே ஹார்னஸின் வெவ்வேறு வடிவங்கள்) மாறும். ஆகவே அம்பு எல்லா வயர்களிலிருந்தும் லாக்குக்குப் போக வேண்டும், ஒரு குறிப்பிட்ட வயரிலிருந்து மட்டும் போகக் கூடாது.

அடுத்து, ஒரே நிறம், ஒரே குறுக்களவு, ஒரே டெர்மினல் கொண்ட இரண்டு வயர்கள் ஒரே கனெக்டரின் பக்கத்துப் பக்கத்துக் குழிகளுக்குப் போகும் நிலை. ஒரே ஆபரேட்டரிடம் இரண்டையும் தொங்கும் முனையாக (இன்னும் கனெக்டரில் செருகாத முனை) கொடுத்தால் மாற்றிச் செருகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. எலக்ட்ரிக்கல் டெஸ்டில் பிடிபட்டுவிடும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் டேப் சுற்றி முடிந்திருக்கும். இரண்டில் ஒன்றை சப்பிலேயே செருகிவிட வேண்டும், அல்லது இரண்டும் ஒரே ஸ்டேஷனில் வரக் கூடாது என்ற விலக்கு விதி வேண்டும்.

போர்டின் நீளம் இன்னொன்று. இடது ஓரத்தில் ஒரு வேலையும் வலது ஓரத்தில் ஒரு வேலையும் ஒரே ஸ்டேஷனுக்கு வந்தால் நடைநேரம் கூடும். உடலசைவுகளுக்கு நேரம் தரும் எம்டிஎம் அட்டவணைப்படி தடையில்லாத ஒரு காலடி நடைக்கு அதன் நேர அலகில் 15 டிஎம்யூ, அதாவது 0.54 நொடி. போக ஆறு காலடி, வர ஆறு என்றால் 6.5 நொடி, எதையும் உற்பத்தி செய்யாத 6.5 நொடி. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதைப் பொறுத்து இது மாறுவதால் வெறும் கூட்டல் கணக்கில் அடங்காது. எளிய மாற்று: போர்டை நான்கு அல்லது ஐந்து மண்டலமாகப் பிரித்து, ஒரு ஸ்டேஷனின் வேலைகள் அடுத்தடுத்த இரண்டு மண்டலத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று கட்டுவது.

டெஸ்ட் போர்டின் நேரத்தைப் பிரிக்கவே முடியாது. டெஸ்ட் 170 நொடி, டாக்ட் 150 என்றால் இணையாக இரண்டு டெஸ்ட் போர்டு வேண்டும். இணை ஸ்டேஷனை ஏற்காத மென்பொருள் ‘தீர்வு இல்லை’ என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது.

எக்செல்

ஸ்டேஷன் வாரியாக அடுக்குப் பட்டை வரைபடம், அதன்மேல் டாக்ட் கோடு. யமசுமி என்று அழைக்கப்படும் இந்தப் படத்துக்கு ஈடு இல்லை. லைன் லீடர் முதல் ஆலை மேலாளர் வரை எல்லோருக்கும் ஒரு பார்வையில் புரியும். எந்த வழியை எடுத்தாலும் முடிவை இந்த வடிவத்தில் காட்டுங்கள்.

எக்செலின் சொந்த சால்வரை நம்பி இறங்குவது மட்டும் வேண்டாம். அது 200 முடிவு மாறிகளோடு நின்றுவிடும். 60 வேலை, 10 ஸ்டேஷன் என்றாலே 600 மாறி. ஓப்பன்சால்வர் ஆட்-இன் அந்த வரம்பை நீக்குகிறது என்றாலும், முன்பின் விதிகளைக் கட்டங்களில் எழுதிப் பராமரிப்பது விரைவில் கைமீறிப் போகும்.

மேக்ரோவில் பொதுவாக எழுதப்படுவது ஹெல்கசனும் பர்னியும் 1961-இல் தந்த இடமதிப்பு முறை: ஒரு வேலையின் நேரத்தோடு அதற்குப் பின்வரும் எல்லா வேலைகளின் நேரத்தையும் கூட்டி, பெரிய மதிப்பிலிருந்து வரிசையாக நிரப்புவது. வேகமானது, புரியக்கூடியது. ஆனால் எங்கே சறுக்கும் என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். சைக்கிள் (ஒரு ஸ்டேஷனுக்கான நேர வரம்பு) 100 நொடி என்று வைத்து ஆறு வேலைகளைப் பாருங்கள்:

- பிரதானக் கட்டு லேயிங் (வயர் போடுவது), 40
- அதன்மேல் டேப்பிங், 70 (லேயிங்குக்குப் பின்)
- பெரிய கனெக்டர் முதல் வரிசை செருகல், 50
- அதே கனெக்டர் இரண்டாம் வரிசையும் லாக்கும், 50 (முதல் வரிசைக்குப் பின்)
- கிளைக் கட்டு லேயிங், 60
- ஃபியூஸ் பாக்ஸ் வைத்தல், 30

மொத்தம் 300. இடமதிப்புகள் முறையே 110, 70, 100, 50, 60, 30. முறைப்படி முதல் ஸ்டேஷனில் 40 போகும், அடுத்து 50 போகும். 90-இல் அடைபடும், மிச்சம் எதுவும் 10 நொடிக்குள் அடங்காது. இரண்டாவதில் 70-ம் 30-ம். மூன்றாவதில் 60 மட்டும், ஏனென்றால் மிஞ்சிய 50 சேராது. அதற்கு நான்காவது ஸ்டேஷன். சரியான விடை மூன்றே ஸ்டேஷன்: 40+60, 50+50, 70+30. முழுதும் நிரம்பியது, எந்த விதியும் மீறப்படவில்லை. கனெக்டரின் இரண்டு வரிசையும் ஒரே கையில் முடிகிறது என்பது கூடுதல் நன்மை. ஆறு வேலையில் ஓர் ஆள் வீணாகும் அளவு வித்தியாசம் 200 வேலையுள்ள நிஜ லைனில் வராது. ஆனாலும் ஒன்றிரண்டு ஸ்டேஷன் தாராளமாகப் போகலாம்.

ஒரே ஹார்னஸ், நூறு வேலைக்குள், ஆண்டுக்கு இரண்டு மூன்று மாற்றம் என்றால் எக்செலை விட்டு வெளியே போகவே வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் பிரச்சினை சூத்திரத்தில் இருக்காது. முன்பின் விதிகள் ஒரே ஒரு இன்ஜினியரின் தலைக்குள் இருக்கும், கோப்பு நான்கு பேரிடம் நான்கு விதமாக இருக்கும்.

விலைக்கு வாங்கும் மென்பொருள்

இதில் இரண்டு வகையைக் கலக்கக் கூடாது. எந்த அசெம்பிளிக்கும் பொருந்தும் பொது பேலன்சிங் மென்பொருள் ஒரு வகை. ஹார்னஸ் டிசைனிலிருந்தே உற்பத்திச் செயல்முறை வரை போகும் துறைசார் மென்பொருள் மற்றொன்று, சீமென்ஸ் கேபிடல் போல.

பொது வகை நேர ஆய்வு, யமசுமி, கலப்பு மாடல், பணி வழிமுறைத் தாள் இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் தரும். யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு இருக்கும். ஆனால் வயர், குழி, டெர்மினல், கிளை என்ற உறவுகள் அதற்குத் தெரியாது. வேலைப் பட்டியலையும் அம்புகளையும் நாம்தான் ஊட்ட வேண்டும். 140 வயர் ஹார்னஸில் 280 முனை. அம்புகள் ஆயிரத்தைத் தாண்டும். இதைக் கையால் தட்டச்சு செய்யும் ஆலை தானியங்காக்கவில்லை, வேலையை வேறொரு மேசைக்கு மாற்றியிருக்கிறது.

துறைசார் வகை அந்த இடைவெளியை நிரப்புகிறது. விலையும் நிறுவும் காலமும் அதிகம், வாடிக்கையாளர் தரும் டிசைன் தரவு எந்த நிலையில் வருகிறது என்பதைப் பொறுத்தே பலன். ஜெர்மன் வாகனத் துறை தரப்படுத்திய கேபிஎல் வடிவில் தரவு வந்தால் வயர், குழி, செக்மென்ட் நீளம், கிளிப், பாதுகாப்புச் சுற்று எல்லாம் எக்ஸ்எம்எல்லில் இருக்கும். பிடிஎஃப் படமாக வந்தால் யாராவது ஒருவர் உட்கார்ந்து உள்ளிட்டுத்தான் ஆக வேண்டும். கேபிஎல் பொருளைச் சொல்லும், வேலையின் வரிசையைச் சொல்லாது. வரிசைக்கான விதிகளை ஆலைதான் தர வேண்டும், எந்த மென்பொருளாக இருந்தாலும்.

விற்பவரின் டெமோவில் அவருடைய ஹார்னஸை ஓடவிடாதீர்கள். உங்கள் ஹார்னஸ் ஒன்றைக் கொடுத்து, லைனில் இப்போது ஓடும் திட்டத்தை உள்ளிட்டு, அதில் எந்தெந்த விதி மீறப்பட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். நன்றாக ஓடும் திட்டத்தில் அது நாற்பது மீறல் காட்டினால் அதன் விதிகள் உங்கள் போர்டுக்குப் பொருந்தவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் விதிகளே உள்ளே போகவில்லை.

சொந்த சால்வர்

கூகுளின் ஓஆர்-டூல்ஸ் தொகுப்பில் உள்ள சிபி-சாட் சால்வர் இந்தச் சிக்கலுக்கு நன்றாகப் பொருந்தும். திறந்த மூலம், பைத்தானிலிருந்து அழைக்கலாம். விலக்கு விதி, மண்டல விதி, இணை ஸ்டேஷன் எல்லாவற்றையும் நேரடியாக எழுதலாம்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. சிபி-சாட் முழு எண்களை மட்டுமே ஏற்கும், ஆகவே நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக மாற்றுங்கள்: 12.4 நொடி என்பது 124. 300 வேலை, 30 ஸ்டேஷன் என்றால் 9,000 இரும மாறிகள். அவ்வளவும் தேவையில்லை. ஒரு வேலைக்கு முன்னால் வர வேண்டிய எல்லா நேரத்தையும் தன் நேரத்தையும் கூட்டி சைக்கிளால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் அது போகக்கூடிய முதல் ஸ்டேஷன் கிடைக்கும். பின்பக்கத்திலிருந்து அதே கணக்கைப் போட்டால் கடைசி ஸ்டேஷன். இடையில் இருப்பவற்றுக்கு மட்டும் மாறி உருவாக்கினால் சிக்கல் கணிசமாகச் சுருங்கும். இப்போதைய திட்டத்தைத் தொடக்கக் குறிப்பாகக் கொடுங்கள், 10 நிமிடக் கால வரம்பு வையுங்கள்.

இதுதான் சிறந்த தீர்வு என்று நிரூபிக்கும்வரை ஓடவிடுவது வீண். உங்கள் நேரத் தரவில் 5 சதவீதப் பிழை இருந்தால் ஒரு சதவீதம் மேம்பட்ட தீர்வுக்கு அர்த்தமில்லை.

இலக்கை இரண்டு படியாக வையுங்கள். முதலில் ஸ்டேஷன் எண்ணிக்கையைக் குறைக்கவும். பிறகு அந்த எண்ணிக்கையை உறுதியாக வைத்து, இப்போதைய திட்டத்திலிருந்து இடம் மாறும் வேலைகளைக் குறைக்கவும். இந்த இரண்டாம் படியை விட்டால் ஒரே ஒரு வயர் கூடிய டிசைன் மாற்றத்துக்கு சால்வர் நூற்றைம்பது வேலையை இடம் மாற்றிக் கொடுக்கும். கணக்கில் அது சமம். லைனில் முப்பது பேருக்கு மறுபயிற்சி, எல்லா வயர் ஸ்டாண்டும் இடம் மாறும், அந்த வாரம் முழுதும் தவறான செருகல்.

வேலையை எவ்வளவு பொடியாக வெட்டுவது என்பதும் இங்கேதான் தீர வேண்டும். ஒரு வயர் ஒரு வேலை என்று வைத்தால் ஒரே கனெக்டர் ஐந்து பேர் கைக்குப் போகும், யார் தவறு என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சப் முழுவதும் ஒரு வேலை என்றால் கட்டிகள் பெரிதாகி பேலன்ஸ் கெடும். டாக்ட்டில் பத்தில் ஒன்று முதல் ஆறில் ஒன்று வரை, அதாவது 150 நொடி டாக்ட்டுக்கு 15 முதல் 25 நொடி, நல்ல அளவு.

இந்த வழியின் பலவீனம் ஆள். எழுதியவர் போய்விட்டால் அடுத்தவர் தொட அஞ்சுவார். விதிகளை நிரலுக்குள் புதைக்காமல் தனி அட்டவணையில், பேச்சுத் தமிழில் ஒரு வரி விளக்கத்தோடு வைத்தால் பாதி ஆபத்து குறையும். ஜெனடிக் அல்காரிதம் வகைகளும் உண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வெவ்வேறு திட்டம் தருவதை லைன் லீடரிடம் விளக்குவது கடினம் என்பதால் சிபி-சாட் கைகொடுக்கும்வரை அவற்றை நாட வேண்டாம்.

சப் எங்கே முடிகிறது, போர்டு எங்கே தொடங்குகிறது

தேர்வை உண்மையில் தீர்மானிக்கும் இடம் இது. மற்ற அசெம்பிளிகளில் வேலைப் பட்டியல் தரப்பட்டது. ஹார்னஸில் வேலைப் பட்டியலையே நாம்தான் வடிவமைக்கிறோம். எந்தக் கனெக்டர்களை ஒரே சப்பில் வைக்கிறோமோ அதைப் பொறுத்து, ஒரு வயரின் இரண்டு முனையும் சப்பிலேயே முடியலாம், அல்லது ஒரு முனை தொங்கிக்கொண்டு போர்டுக்கு வரலாம்.

நான்கு கனெக்டர். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே 12 வயர், மூன்றாவதற்கும் நான்காவதற்கும் 9, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 3. ஒன்றையும் இரண்டையும் ஒரு சப்பாகவும், மூன்றையும் நான்கையும் மற்றொன்றாகவும் வைத்தால் தொங்கும் முனை 3. ஒன்றையும் மூன்றையும், இரண்டையும் நான்கையும் சேர்த்தால் 24 வயருமே குறுக்கே போகின்றன. போர்டில் ஒரு தொங்கும் முனையைத் தேடி எடுத்துச் செருக 6 நொடி என்று வைத்தால் 18 நொடி ஓரிடம், 144 நொடி மற்றோரிடம். வித்தியாசம் 126 நொடி. 150 நொடி டாக்ட்டில் கிட்டத்தட்ட ஒரு முழு ஆள். எந்த பேலன்சிங் அல்காரிதமும் தவறான சப் பிரிப்புக்குப் பின் இந்த ஆளை மீட்டுத் தராது.

கணித மொழியில் இது வரைபடத்தைப் பிரிக்கும் சிக்கல்: கனெக்டர்கள் புள்ளிகள், வயர் எண்ணிக்கை கோடுகளின் எடை, குறுக்கே போகும் எடை குறைய வேண்டும். ஒரு சப்பின் வேலை நேரத்துக்கும், அதிலிருந்து தொங்கக்கூடிய முனைகளுக்கும் உச்ச வரம்பு வைக்க வேண்டும். தொங்கும் முனை கூடினால் எடுத்துவரும்போது சிக்கிக்கொள்ளும், டெர்மினல் வளையும். பொது மென்பொருளுக்கு இந்தக் கேள்வியே தெரியாது. ஆகவே சப்பை அடிக்கடி மாற்றி அமைக்கும் ஆலை துறைசார் மென்பொருளையோ சொந்த சால்வரையோதான் பார்க்க வேண்டும். சப் அமைப்பை வாடிக்கையாளரோ தாய் ஆலையோ முடிவுசெய்து தந்துவிடுகிறது என்றால் பொது மென்பொருளே போதும்.

வேரியன்ட்டும் சராசரியின் ஏமாற்றும்

ஒரு ஸ்டேஷனில் மூன்று வேரியன்ட்டுக்கு 90, 120, 190 நொடி. கலவை 50, 30, 20 சதவீதம். சராசரி 119, டாக்ட் 150. திரையில் பச்சை நிறம். லைனில் ஐந்தில் ஒரு முறை 190 வரும், ஆபரேட்டர் 40 நொடி கீழ்நோக்கி நகர்ந்துபோய் அடுத்தவர் இடத்தில் நிற்பார். அடுத்தது 90 என்றால் மீண்டுவிடுவார். அடுத்ததும் 190 என்றால் 80 நொடி பின்தங்கி லைன் நிற்கும். ஆகவே சராசரியோடு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கனமான வேரியன்ட்டின் நேரத்துக்கும் தனி உச்சவரம்பு வேண்டும், கூடவே ‘கனமானது அடுத்தடுத்து வரக் கூடாது’ என்ற வரிசை விதியும் உற்பத்தித் திட்டத்துக்குப் போக வேண்டும். எந்த மென்பொருளை வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது, சராசரியை மட்டும் பார்க்கிறதா, வேரியன்ட் வாரியாகப் பார்க்கிறதா என்பதுதான். இந்த இடத்தில் சிமுலேஷன் உதவும். அது பேலன்ஸ் செய்யாது, செய்ததைச் சோதிக்கும்.

எதை எடுப்பது

மாற்றம் அரிது, வேரியன்ட் நான்கைந்து: எக்செல், இடமதிப்பு முறை, யமசுமி. மாற்றம் மாதந்தோறும், சப் அமைப்பு வெளியிலிருந்து வருகிறது, நிரல் எழுத ஆள் இல்லை: பொது மென்பொருள், ஆனால் வேலைப் பட்டியலையும் அம்புகளையும் தானாக உருவாக்க ஒரு சிறு ஸ்கிரிப்ட் கட்டாயம். ஒவ்வொரு ஹார்னஸும் ஆர்டருக்கு ஏற்ப மாறுகிறது, கேபிஎல் வருகிறது, பல லைன்: துறைசார் மென்பொருளின் விலை நியாயமாகும். நிரலறிந்த செயல்முறை இன்ஜினியர் இருவராவது உள்ளே இருக்கும் நடுத்தர ஆலைக்கு சொந்த சால்வர்தான் சிறந்தது. ஒருவர் மட்டும் இருந்தால் வேண்டாம்.

எதை எடுத்தாலும் சால்வரைத் தொடுமுன் சரிபார்க்கும் கருவியை முதலில் கட்டுங்கள். அது திட்டம் போடாது. கொடுத்த திட்டத்தில் எந்த விதி எங்கே மீறப்படுகிறது என்று மட்டும் சொல்லும். கடைசியாக லைனில் ஓடிய மூன்று திட்டங்களை அதற்குள் போடுங்கள். காட்டும் ஒவ்வொரு மீறலையும் லைன் லீடரோடு உட்கார்ந்து பாருங்கள். ஒன்று விதி தவறாக இருக்கும், அல்லது தெரியாமல் இருந்த விதிவிலக்கு வெளிப்படும், அல்லது லைனில் நடக்கும் உண்மையான தவறு பிடிபடும். மூன்றும் பயன்தான். பிறகு சால்வரின் திட்டத்தை அவரிடம் காட்டி, ‘இதில் எது நடக்காது?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு காரணமும் அட்டவணையில் ஒரு புது வரி. புதிய காரணம் எதுவும் வராமல் இரண்டு சுற்று போனபின் லைனுக்குக் கொண்டுபோகலாம்.

மாற்றும் நாளில் ஷிஃப்ட் தொடக்கத்தில் மாற்றுங்கள், நடுவில் வேண்டாம். பழைய திட்டத்தின்படி பாதி முடிந்த போர்டுகளை முழுதும் இறக்கிவிட்ட பிறகே புதியது ஏற வேண்டும். வயர் ஸ்டாண்டு, போர்டு லேபிள், பணி வழிமுறைத் தாள் மூன்றும் முந்தைய நாளே தயாராக இருக்க வேண்டும். முதல் சில நாட்களுக்கு ஸ்டேஷன்களை டாக்ட்டின் 85 சதவீதத்துக்கு மட்டும் நிரப்பி ஓட்டி, கை பழகியபின் 95-க்கு ஏற்றுங்கள். அந்த நாட்களில் அளக்கும் நேரங்களைத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டாம், அவை பழகாத கையின் நேரங்கள்.